பெரும்பாலான மாலைகளில் அழுகிறாள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது.

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில், ஒரு தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில், வியாழக்கிழமைதோறும் உட்கார்ந்து உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. தேநீர் உண்டு, சில வாரம் பிஸ்கட்டும் உண்டு. பதினோரு வருடமாக இதே வேலை. வாசுகி என்ற என் பெயரை இந்த ஊர் எப்போதோ 'வாஸ்' என்று நறுக்கிவிட்டது, நானும் விட்டுவிட்டேன். அப்படி நிரப்பியதில் ஒரு நாற்பது பக்க விண்ணப்பத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை நானாகச் சேர்த்தேன். அதுதான் மேலே தலைப்பாக இருக்கிறது.

(கதை எழுதுகிறவளை விண்ணப்பம் நிரப்ப உட்கார வைப்பது பூனையை மீனுக்குக் காவல் வைப்பது. இதை யாரும் அந்தக் கூடத்தில் யோசிக்கவில்லை. ஆள் பற்றாக்குறை.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "டோனா ஆக்ஸ்லி கூடத்துக்குள் நுழைந்தபோது வெளியே மழை" — விட்டுவிட்டேன். இந்த ஊரில் யார் எங்கே நுழைந்தாலும் வெளியே மழைதான்.

அடுத்தது: "பிரயனிக்குப் பதினாறு வயதாகப் போவதை அவளுடைய அப்பா மறந்திருந்தார், அரசாங்கம் மறக்கவில்லை" — இது நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதனாலேயே எனக்குப் பயமாக இருக்கிறது. அழகான வாக்கியம் எழுதித்தான் இவ்வளவு வினையும்.

ஆகவே சாதாரணமாகவே சொல்கிறேன்.

2

டோனாவின் மகள் பிரயனி. அவளுக்கு ஏடிஎச்டி. ஏழு வயதில் டாக்டர் எழுதிக் கொடுத்தார். மனம் ஒரு இடத்தில் நிற்காது, கை சும்மா இருக்காது, நேரம் என்பது சுவரில் மாட்டியிருக்கும் ஒரு வட்டம், அவ்வளவுதான். மாத்திரை இருக்கிறது, மறதிக்கான மாத்திரையைச் சாப்பிட மறந்துபோகும். பிள்ளைகளுக்கான மாற்றுத்திறனாளி உதவித்தொகை இத்தனை வருடமும் வந்துகொண்டிருந்தது. பதினாறு வயதானால் அது முடிந்துவிடும். பெரியவர்களுக்கான தொகைக்கு மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். பிறந்தநாள் கேக்கை வெட்டியதும் கோளாறு தானே எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

போன ஜூலையில் டோனா அந்த நாற்பது பக்கத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"இது போச்சுன்னா எனக்கு வர்ற படியும் போச்சு வாஸ். அவளப் பாத்துக்கறதுக்குன்னு குடுக்கறாங்கல்ல, அது. அப்புறம் நான் பட்டாணி ஃபேக்டரில காலை ஷிஃப்ட் போகணும். ஆறு மணிக்கு அங்க நிக்கணும்."

"போனா?"

"போனா அவள யாரு பஸ்ல ஏத்துவா?"

இந்தக் கதையில் பணயம் வைத்திருப்பது அவ்வளவுதான்: காலை ஏழு நாற்பது பஸ். செப்டம்பரில் பிரயனிக்குக் கல்லூரியில் மோட்டார் மெக்கானிக் படிப்பு. இரண்டு பள்ளிக்கூடங்கள் வெளியே அனுப்பிய பெண்ணுக்கு, முதன்முதலாக அவளே கேட்டு, அவளே நேர்காணலில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் பூட்டிக் காட்டி வாங்கிய இடம். வருகை குறைந்தால் இடம் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். டோனா கூடவே போய், வாசலில் விட்டு, திரும்பி வர வேண்டும். ஒருமுறை சோதனைக்காகத் தனியாக அனுப்பியிருக்கிறாள். பாதி வழியில் யாரோ ஒருவர் தெருவோரம் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்து இறங்கிவிட்டாள். சாயங்காலம் ஸ்கூட்டர் ஓடியது. பிரயனி எங்கே இருக்கிறாள் என்று அதுவரை ஒருத்தருக்கும் தெரியாது.

(டோனாவை ரொம்ப நல்லவளாக எழுதிக்கொண்டு போகிறேன். அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். ஒருநாள் மகளை வெளியே வைத்துக் கதவைப் பூட்டியிருக்கிறாள், பத்து நிமிடம். "அத எழுதிடாத" என்றாள். விண்ணப்பத்தில் எழுதவில்லை. இங்கே எழுதிவிட்டேன். படித்துக் காட்டியதும், "பத்து இல்ல, இருபது" என்று திருத்தினாள்.)

3

இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "மோசமில்ல" என்பார்கள். வேறு பதிலே கிடையாது. மீன் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர், சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்த மூன்றாவது வாரம் என் முன்னால் வந்து உட்கார்ந்து, "மோசமில்ல கண்ணு, சாக்ஸ் செலவு பாதியாச்சு" என்றார். அதை அப்படியே எழுதினால் அவருக்கு ஒரு பென்னி வராது. தங்கள் கஷ்டத்தைச் சொல்வதை இவர்கள் விருந்தில் ஏப்பம் விடுவதுபோல நினைக்கிறார்கள். ஆனால் விண்ணப்பமோ கஷ்டத்தை மட்டுமே கேட்கிறது.

ஆகவே இந்தத் தொழிலில் எனக்கு ஒரு வாய்ப்பாடு அமைந்துவிட்டது. 'மோசமில்ல' என்றால் 'மிகவும் மோசம்' என்று எழுது. 'எப்பவாவது' என்றால் 'வாரத்தில் மூன்று நாள்'. நல்ல நாளைப் பற்றி எழுதாதே; அவர்களுடைய கேடுகெட்ட நாள் எதுவோ அதைக் கேட்டு வாங்கி எழுது. எல்லா ஆலோசனைக் கூடங்களிலும் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். நான் இதில் கெட்டிக்காரி. என் விண்ணப்பங்கள் ஜெயிக்கும்.

டோனாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன். அடுப்பை அணைக்க மறந்தது. நான்கு போன்களைத் தொலைத்தது. ஒரு ஷூவோடு பள்ளிக்கூடம் போனது. முப்பத்தோராம் பக்கத்தில் மனநிலை பற்றி ஒரு கட்டம் வந்தது.

"அழுவாளா?"

"பிரயனியா? கதவ உதைப்பா. அழமாட்டா."

"உள்ளுக்குள்ள கஷ்டமா இருக்கும்ல?"

டோனா ஜன்னலைப் பார்த்தாள். "இருக்கும்னு நினைக்கிறேன். மோசமில்ல."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கை தானாக ஓடியது. *பெரும்பாலான மாலைகளில் அழுகிறாள்.* உதைக்கிற பிள்ளையைவிட அழுகிற பிள்ளை அதிகாரிகளுக்குச் சுலபமாகப் புரியும் என்று எனக்குத் தெரியும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாமாம். ஒரு பொய் சொல்லி ஒரு பெண்ணை பஸ்ஸில் ஏற்றக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். வாக்கியத்தைப் படித்துப் பார்த்தேன். பிடித்திருந்தது. அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

பிரயனி வந்து கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். படிக்கவில்லை. நாற்பது பக்கம் உட்கார்ந்து படிக்க முடிந்தால் அந்த நாற்பது பக்கமே அவளுக்குத் தேவைப்பட்டிருக்காது.

4

நவம்பரில் மதிப்பீடு செய்ய போன் வந்தது. பதினாறு ஆகிவிட்டதால் அவளே பேச வேண்டும், அம்மா பக்கத்தில் இருக்கலாம். நானும் இருந்தேன். டோனாவின் சமையலறையில், போனை ஸ்பீக்கரில் போட்டு, கெச்சப் பாட்டிலில் சாய்த்து வைத்தோம்.

"வணக்கம் பிரயனி. என் பேரு கிரெயம். இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

"மோசமில்ல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

(ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான். கிரெயமை 'நீங்க' என்று பேச வைத்ததும், பிரயனியை எல்லோரையும் 'நீ' என்று பேச வைத்ததும் நான். அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இதை ஆட்சேபிக்க மாட்டார்கள்.)

கிரெயம் நல்ல மனிதர். குரலில் அவசரம் இல்லை, எரிச்சல் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் பிரயனி ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, நல்ல ஆதாரமாகப் போயிருக்கும்.

"நீங்களா சமைச்சு சாப்பி—"

"ஆமா. டோஸ்ட், பீன்ஸ்."

இதைச் சொல்லும்போது அவள் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. டோஸ்டரின் அடித்தட்டு கழன்று மேஜைமேல் கிடந்தது. நானும் டோனாவும் அதைப் பார்த்தோம், கிரெயம் பார்க்கவில்லை.

"அடுப்ப அணைக்கமாட்டா கண்ணு, அதையும் எழுதிக்கோ" என்றாள் டோனா.

"ரெண்டு தடவதான்மா."

"நாலு."

"ரெண்டு பெருசு. மத்த ரெண்டும் தீயே இல்ல, புகைதான்."

"சரி, சரி" என்று கிரெயம் தட்டச்சு செய்தார். "பஸ்ல தனியாப் போற—"

"போவேன். எனக்கு ரூட் தெரியும். எல்லா ரூட்டும் தெரியும். சொல்லட்டா?" சொன்னாள். பதினான்கு வழித்தடங்கள், டிப்போவிலிருந்து. டோனா தலையில் கை வைத்துக்கொண்டாள். வழி தெரியாதது அவளுடைய பிரச்சினை இல்லை என்று டோனா சொல்ல வாயெடுப்பதற்குள் கேள்வி மாறிவிட்டது.

கடைசியில் முப்பத்தோராம் பக்கம் வந்தது. வரும் என்று எனக்குத் தெரியும். வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"இங்க ஒண்ணு எழுதியிருக்கு. பெரும்பாலான மாலை நேரத்துல நீங்க அழறதா..."

"யாரு?"

"நீங்க."

"நானா? நான் அழமாட்டேன். எங்க நாய் செத்தப்பக்கூட அழல. யாரு எழுதினது இத?"

டோனா என்னைப் பார்த்தாள். நான் பாத்திரத் தொட்டியைப் பார்த்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது ஒருத்தி, வாய் இன்னொருத்தியுடையது.

"பரவால்ல, விட்டுடலாம்" என்றார் கிரெயம். அவர் விடவில்லை; எழுதிக்கொண்டார். ஐம்பத்திரண்டு நிமிடம். போனை வைத்தபோது டோஸ்டர் பதினேழு துண்டாக வரிசையாக இருந்தது.

5

கடிதம் ஜனவரியில் வந்தது. எல்லாத் தலைப்புகளிலும் மதிப்பெண் பூஜ்யம், அதாவது தொகை கிடையாது. சில வரிகளை மட்டும் இங்கே பெயர்த்துத் தருகிறேன்.

'விண்ணப்பத்தில் கூறப்பட்ட மனநிலை பாதிப்பை விண்ணப்பதாரரே மறுத்தார். எனவே பிற கூற்றுகளும் மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.'

'ஐம்பத்திரண்டு நிமிட உரையாடல் முழுவதும் கவனத்துடன் பங்கேற்றார்.'

'கேள்விகளுக்குத் தாமதமின்றி, பிறர் தூண்டுதலின்றி, உடனுக்குடன் பதிலளித்தார்.'

டோனா இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். "எந்த ஸ்கூல்லயும் இவளப் பத்தி இவ்வளவு நல்லதா எழுதினதில்ல" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். பட்டாணி ஃபேக்டரியில் பிப்ரவரி நடுவில் ஆள் எடுக்கிறார்கள். வருகிறாளா இல்லையா என்று டோனா சொல்லியாக வேண்டும்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நீ நல்லதுக்குத்தான் பண்ண" என்றாள். "ஆனா அவ கேக்கறா வாஸ், 'அம்மா, நான் அழறேன்னு நீ சொன்னியா'ன்னு. நான் இல்லேங்கறேன். நம்பமாட்டேங்கறா."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அசதியாக இருந்தது. பதினோரு வருடமாக மனிதர்களுடைய கேடுகெட்ட நாட்களை மட்டுமே கேட்டு எழுதி, நல்ல நாள் என்று ஒன்று அவர்களுக்கு இருந்ததையே கேட்காமல் விட்டிருக்கிறேன். அது ஒரு திறமை என்று வேறு நினைத்திருந்தேன்.

6

(இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் பிரயனி என்னை மன்னித்துவிடுகிறாள். நடந்தது இது.)

அடுத்த வியாழக்கிழமை அவளே கூடத்துக்கு வந்தாள். கையில் கிரீஸ். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏ வாஸ். நான் உதைக்கறது உனக்குப் போதலியா?"

"என்ன?"

"கதவு. நீதான் எழுதினதுன்னு அம்மா சொல்லிட்டா. நான் கதவ உதைப்பேன்னு உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கா. அத எழுதியிருக்கலாம்ல? ஓட்டையே இருக்கு. வந்து பாத்தா காட்டியிருப்பேன். நிஜமா ஒண்ணு இருக்கும்போது எதுக்கு இல்லாத ஒண்ண எழுதின?"

"தப்புதான், மன்னிச்சுடு. அழறதுன்னா அவங்களுக்குப் பாவமா இருக்கும்னு நினைச்சேன்."

"உதைச்சா?"

"உதைச்சா பயப்படுவாங்க."

கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளுக்குக் கொஞ்ச நேரம் என்பது பெரிய விஷயம். "எனக்குப் பாவம் வேணாம்" என்றாள். "பக்கத்து சீட்ல அம்மா வேணும்."

அந்த வாக்கியத்தை நான் உடனே குறித்துக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

"பாத்தியா, திருடற. இந்தத் தடவ நீ எழுதக்கூடாது. நான் எழுதறேன்."

எழுத உட்கார்ந்தாள். கிழிக்காமல் நான் எடுத்து வைத்த காகிதங்கள்:

'அன்புள்ள கிரெயம், நீ நல்லவன்தான் ஆனா'

'எனக்கு ஏடிஎச்டி இருக்கு அது என்னன்னா'

'வெள்ளிக்கிழமை வர்றதுக்குள்ள இத முடிக்கணும் அதனால சுருக்கமா'

இதற்குப் பின்னால் ஒரு வெள்ளிக்கிழமை வந்து போனது. இன்னொன்றும் போனது. ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து போய்த் தேநீர் போடுவாள், கூடத்தின் ஹீட்டர் ஏன் கத்துகிறது என்று பார்ப்பாள். ஹீட்டர் இப்போது கத்துவதில்லை.

7

கதைக்கு முடிவு வேண்டும். மூன்று வைத்திருந்தேன். எழுதியதையெல்லாம் அம்மாவுக்கும் மகளுக்கும் கூடத்தில் ஆங்கிலமாக்கிப் படித்துக் காட்டினேன். அவர்களைப் பற்றியது, இந்தத் தடவையாவது முன்னதாகவே கேட்டுக்கொள்வது என்று.

முடிவு ஒன்று. நான் உட்கார்ந்து ஒரு அப்பழுக்கில்லாத கடிதம் எழுதுகிறேன், தொகை வருகிறது, அம்மாவும் மகளும் ஏழு நாற்பது பஸ்ஸில் — பிரயனி கையைத் தூக்கினாள். "இதுல நான் எங்க? சும்மா பஸ்ல உக்காந்திருக்கேன்." நியாயம்தான்.

முடிவு இரண்டு. தொகை வரவில்லை. டோனா ஷிஃப்டுக்குப் போகிறாள். பிரயனி தானே அலாரம் வைத்து எழுந்து, தானே பஸ் பிடித்து, ஒருநாளும் தவறாமல் கல்லூரிக்குப் போய் —

பிரயனி மேஜையில் தலை வைத்துச் சிரித்தாள். டோனா சிரிக்கவில்லை.

"அந்த ஆபீஸ்ல இருக்கறவங்க நம்பறது இதத்தான் வாஸ்" என்றாள். "கஷ்டம் வந்தா தானா சரியாயிடுவாங்கன்னு. நீயும் நம்பறியா?"

"கதைக்கு நல்லா இருக்கும்னு..."

"கதைக்கு நல்லா இருக்கும்."

அவள் அதைத் திட்டாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மூன்றாவதை நான் படிக்கவில்லை. அதில் ஒருநாள் காலை பிரயனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள், இந்தத் தடவை ஸ்கூட்டருக்காக இல்லை, — வேண்டாம். அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். இரவெல்லாம் பயந்துகொண்டே எழுதிய ஒன்றை அவள் அம்மாவின் முன்னால் எப்படிப் படிப்பது?

"நாலாவது இருக்கா?" என்றாள் பிரயனி.

"இல்ல."

"அப்ப முடிவ எழுதாத. அது நம்ம கைல இல்லல்ல? யாரோ ஒருத்தன் கைல இருக்கு. அவனே எழுதட்டும்."

கெடுவின் கடைசி நாள் நேற்று. காலையில் அவள் கடிதத்தை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தாள். கால் பக்கம்தான் இருந்தது. முடித்துவிட்டாயா என்று கேட்டேன். "கிட்டத்தட்ட" என்றாள், ஏழு நாற்பது பஸ்ஸுக்கு ஓடினாள், பின்னால் டோனா கோட்டைப் போட்டுக்கொண்டே ஓடினாள். நான் படித்துப் பார்த்தேன். கையில் பேனா இருந்தது. அந்தக் கடைசி வரியை எப்படி முடித்தால் எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. பேனாவை மூடினேன். உறையில் போட்டு ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை.

அது போய்ச் சேரும் மேஜையில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அன்றைக்கு இன்னும் முப்பது கோப்பு இருக்கும், முதுகு வலிக்கும், அவர் கெட்டவராக இருக்கமாட்டார். அந்த நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். பிரயனியிடம் அனுமதி வாங்கித்தான் கடிதத்தை இங்கே தருகிறேன்.

'யாரு படிக்கறீங்களோ அவங்களுக்கு,

நான் பிரயனி ஆக்ஸ்லி. அழுவேன்னு எழுதினது தப்பு. அத நான் எழுதல, அம்மாவும் எழுதல, எழுதினவங்க மன்னிப்புக் கேட்டாச்சு. மத்ததெல்லாம் நிஜம்.

நான் உடனுக்குடன் பதில் சொன்னேன்னு எழுதியிருக்கீங்க. நல்லா இருக்கறதால சொல்லல. கேள்வி முடியறவரைக்கும் காத்திருந்தா கேள்வியே எனக்கு மறந்துடும். அதனால மறக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் சமாளிக்கறேன். பஸ்லயும் அதுதான். நான் கல்லூரிக்குப் போறேன்ங்கறது எனக்கு மறந்துடும். ரூட் மறக்காது. போறேன்ங்கறது மறந்துடும். அம்மா ஒண்ணும் பண்ணமாட்டா. கையக்கூடப் பிடிக்கமாட்டா. சும்மா பக்கத்துல உக்காந்திருப்பா. அவளப் பாத்தா எங்க போறேன்னு ஞாபகம் வந்துடும். அவ இல்லாத அன்னிக்கு நான்'